நகரம் மூழ்கியபோதும் பேசிய வானொலி

2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரைத் தாக்கியது. வெள்ளத் தடுப்புக் கரைகள் உடைந்ததில் நகரத்தின் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீருக்குள் போனது. லட்சக்கணக்கான தொலைபேசி இணைப்புகள் செத்துப்போயின, ஆயிரத்துக்கும் மேற்பட்ட செல்போன் டவர்கள் அடங்கின. அந்த வட்டாரத்தின் 41 வானொலி நிலையங்களில் ஒலிபரப்பில் மிஞ்சியவை வெறும் 4. அவற்றில் ஒன்று மத்திய அலையில் (மீடியம் வேவ்) 870 கிலோஹெர்ட்ஸில் பேசும் டபிள்யூடபிள்யூஎல் (WWL) நிலையம். எங்கோ ஓரிடத்தில் தொலைபேசி உயிரோடு இருந்தவர்கள் வீட்டுப் பரணில் சிக்கியபடி அந்த நிலையத்தை அழைத்தார்கள். அவர்கள் குரலை ஊரே கேட்டது.

மற்றவை ஏன் விழுந்தன, இது ஏன் நின்றது? வானொலி என்பது ஒரே ஓர் இயந்திரம் அல்ல. அறிவிப்பாளர் பேசும் ஸ்டூடியோ, அங்கிருந்து குரலை எடுத்துச்செல்லும் இணைப்பு, டிரான்ஸ்மிட்டர், ஆன்டெனா, எல்லாவற்றுக்கும் மின்சாரம், இயக்க ஆள். இதில் ஏதாவது ஒன்று போனாலும் கேட்பவருக்கு வெறும் இரைச்சல்தான்.

முதலில் ஆன்டெனாவைப் பார்ப்போம். இதில் இயற்பியலே ஒரு சிக்கலை வைத்திருக்கிறது. மத்திய அலை பகலில் தரையை ஒட்டியே பரவுகிறது. தரை எவ்வளவு நன்றாக மின்சாரத்தைக் கடத்துகிறதோ, அலை அவ்வளவு தூரம் போகும். ஈர மண்ணும் உப்பு கலந்த சதுப்பும் நல்ல கடத்திகள். அதனால் மத்திய அலை நிலையங்களைத் தாழ்வான, ஈரமான நிலம் பார்த்து அமைப்பது வழக்கம். இங்கே டவரே ஆன்டெனா. 870 கிலோஹெர்ட்ஸில் கால் அலைநீளம் என்றாலே 86 மீட்டர். டவரின் அடியைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட செம்புக் கம்பிகளை மண்ணுக்குள் பரப்பியிருப்பார்கள். டவர் நிற்பதோ மின்சாரத்தைக் கடத்தாத ஒரு பீங்கான் காப்பானின் மேல். வெள்ளம் அந்தக் காப்பான் வரை ஏறினால் ஆற்றல் வானத்துக்குப் போகாமல் தண்ணீர் வழியாகத் தரைக்குள் இறங்கிவிடும். ஆக, ஒலி தூரம் போவதற்காகத் தேர்ந்தெடுத்த இடமே முதலில் மூழ்கும் இடமாகவும் ஆகிவிடுகிறது. இதற்குப் பரிகாரம் காப்பானை உயர்ந்த மேடையில் வைப்பதும், டிரான்ஸ்மிட்டர் அறையைத் தூண்களின் மேல் கட்டுவதும்தான். 870 நிலையத்தின் டவர் மிசிசிப்பி ஆற்றின் மேற்குக் கரையில் இருந்தது. அந்தப் பக்கம் பெரும்பாலும் வெள்ளத்திலிருந்து தப்பியது.

இரவில் இன்னொன்றும் நடக்கிறது. வானத்தில் வெகு உயரத்தில் அயனி மண்டலம் என்ற மின்னேற்றம் பெற்ற காற்று அடுக்குகள் இருக்கின்றன. பகலில் இந்த அலைகளை விழுங்கும் அதன் கீழடுக்கு சூரியன் மறைந்ததும் கரைந்துபோகிறது. மேலடுக்கில் பட்டுத் திரும்பும் அலைகள் பல நூறு கிலோமீட்டர் தள்ளிப் போய் இறங்குகின்றன. 50 கிலோவாட் நிலையம் என்பதால், வேறு மாநிலங்களுக்கு ஓடிய மக்களும் இரவில் தங்கள் ஊர்ச் செய்தியைக் கேட்க முடிந்தது.

அடுத்து மின்சாரம். 50 கிலோவாட் ஒலிபரப்புக்கு ஜெனரேட்டர் மணிக்கு சுமார் 20 லிட்டர் டீசல் குடிக்கும், நாளுக்கு ஏறக்குறைய 500 லிட்டர். சாலை மூழ்கிய ஊரில் லாரி எப்படி வரும்? இங்கே ஒரு கணக்கு கைகொடுக்கிறது. அலையின் வலிமை ஆற்றலின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆற்றலைக் கால் பங்காக்கினாலும் கேட்பவரிடம் வந்துசேரும் அலையின் வலிமை பாதிதான் குறையும். ஓரத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காமல் போகலாம், ஆனால் ஊருக்குள் கேட்கும், டீசலும் கூடுதல் நாள் வரும். எப்போது, எந்த அளவுக்குக் குறைப்பது என்பதை முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். தண்ணீர் ஏறும்போது யோசிக்க நேரம் இருக்காது.

ஸ்டூடியோவை இழந்தாலும் சமாளிக்கலாம், மாற்று இடம் ஏற்கெனவே பேசி முடித்திருந்தால். 870 நிலையத்தின் ஸ்டூடியோ நகர மையத்தில் இருந்தது. காற்றில் சன்னல்கள் உடைந்தபின் ஊழியர்கள் பக்கத்து மாவட்டத்தின் அவசரகால மையத்துக்குப் போனார்கள், அப்புறம் அதே மாநிலத்தின் பேட்டன் ரூஜ் நகரிலிருந்து பேசினார்கள். அதுவரை போட்டியாளர்களாக இருந்த இரண்டு நிறுவனங்கள் கைகோத்து ஒரே நிகழ்ச்சியைத் தங்கள் அலைவரிசைகள் பலவற்றிலும் கொடுத்தன. டபிள்யூடபிள்யூஎல் என்ற அதே பெயர் கொண்ட தொலைக்காட்சி நிலையமோ புயலுக்கு முன்பே பேட்டன் ரூஜில் உள்ள பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் போட்டு, அங்கே ஆட்களையும் அனுப்பியிருந்தது. நியூ ஆர்லியன்ஸில் தொடர்ந்து ஒளிபரப்பான ஒரே தொலைக்காட்சி அதுதான். எனக்கு இந்தக் கதையில் மிகப் பெரியதாகப் படுவது எந்தக் கருவியும் இல்லை, அந்த ஒப்பந்தத் தாள்தான்.

ஆள் இல்லாவிட்டால் எதுவும் இல்லை. 2015 டிசம்பர் 2 அன்று சென்னையில் தி இந்து ஆங்கில நாளிதழ் அச்சாகவில்லை. 1878இல் தொடங்கிய பத்திரிகைக்கு அப்படி நடந்தது அதுவே முதல் முறை. காரணம், வெள்ளத்தைத் தாண்டி ஊழியர்கள் மறைமலைநகர் அச்சகத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. வானொலிக்கும் இதேதான். அதனால் புயல் வருமுன்பே நிலையத்தில் தங்கப்போகிறவர் யார், அவர் குடும்பம் எங்கே பத்திரமாக இருக்கும், சாப்பாடு எத்தனை நாளைக்கு என்பதெல்லாம் முடிவாகியிருக்க வேண்டும்.

செல்போன் இருக்கும்போது வானொலி எதற்கு என்று கேட்கலாம். செல்போன் டவர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசுகிறது, ஒரே நேரத்தில் எல்லோரும் அழைத்தால் திணறும். வானொலிக்கு ஆயிரம் பேர் கேட்டாலும் பத்து லட்சம் பேர் கேட்டாலும் சுமை ஒன்றுதான். உள்ளூர்க்காரருக்கு வேண்டியது உள்ளூர்ச் செய்தி. எந்தப் பாலம் உடைந்தது, எந்தப் பள்ளியில் சோறு கிடைக்கிறது என்பதைத் தலைநகரத்து நிலையம் சொல்லாது. இதற்காகவே ஜப்பான் 1995 கோபே நிலநடுக்கத்திலிருந்து தற்காலிகப் பேரிடர் பண்பலைகளை அனுமதிக்கிறது. உள்ளாட்சி அமைப்பு தொலைபேசியில் கேட்டாலே உரிமம் கிடைத்துவிடும். 2011 சுனாமிக்குப் பின் அப்படி ஏறக்குறைய 30 நிலையங்கள் முளைத்தன. நம் கடலூரிலும் 2015 வெள்ளத்தில் 107.8இல் பேரிடர் கால வானொலி ஒன்று பேசியது. மழை வந்தபிறகு ஏற்பாடு செய்வதைவிட, கடலோர மாவட்ட ஆட்சியர் அலுவலகம் ஒவ்வொன்றிலும் சிறிய டிரான்ஸ்மிட்டர், ஆன்டெனா, பேட்டரி அடங்கிய பெட்டி தயாராக இருக்க வேண்டும் என்பேன்.

சரி, கேட்பவரிடம் என்ன இருக்க வேண்டும்? நிறைய செல்போன்களில் பண்பலை வாங்கும் சில்லு உள்ளேயே இருக்கிறது. அதை முடக்காமல் விடும்படி 2023இல் மத்திய அரசு தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. ஆனால் அதற்கு இயர்போன் ஒயர் வேண்டும், அதுதான் ஆன்டெனா. பண்பலையின் அலைநீளம் சுமார் 3 மீட்டர், கால் பங்கு 75 சென்டிமீட்டர். இயர்போன் ஒயர் பொதுவாக அந்த நீளத்துக்குக் குறையாது. ஒயர் இல்லாத ப்ளூடூத் இயர்போனால் இந்த வேலை ஆகாது. ஐப்பசி பிறப்பதற்குள் ஒரு ஒயர் இயர்போனை எடுத்து வையுங்கள். முடிந்தால் பேட்டரி வானொலிப் பெட்டி ஒன்றும், அதற்கு இரண்டு செட் பேட்டரியும்.