பச்சைக்கறியும் உங்கள் வீட்டு நாய், பூனையும்

என்னிடம் வைத்தியத்துக்கு நாயையோ பூனையையோ கொண்டுவருபவர்களிடம் "என்ன சாப்பாடு கொடுக்கிறீங்க?" என்று கேட்டால் முன்பெல்லாம் தயிர்சாதம், பால், பிஸ்கட் என்றுதான் பதில் வரும். இப்போது இளைஞர்கள் கொஞ்சம் பெருமையோடு "ரா டயட், டாக்டர்" என்கிறார்கள், அதாவது வேகவைக்காத பச்சைக்கறி. காலையில் கோழிக்கடையில் வாங்கி, கழுவி, அப்படியே கிண்ணத்தில் போடுகிறார்கள். இவர்கள் அக்கறை இல்லாதவர்கள் அல்ல. பாக்கெட் உணவின் பின்பக்கத்தைப் படித்து, புரியாத பெயர்களைக் கண்டு பயந்து, "இயற்கையாவே கொடுத்திடலாமே" என்று இறங்கியவர்கள். இவர்களைத் திட்டும் பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் இரண்டு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். கறி பச்சையா, வெந்ததா என்பது ஒரு கேள்வி. அந்தச் சாப்பாடு உடம்புக்குப் போதுமா என்பது வேறு கேள்வி. முதலாவதில் தவறினால் கிருமி வரும், இரண்டாவதில் தவறினால் எலும்பு போகும். பச்சைக்கறி போடும் பல வீடுகளில் இரண்டுமே சரியில்லை.

இந்த முறையை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியவர் இயான் பில்லிங்ஹர்ஸ்ட் என்ற ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர். 1993-ல் அவர் எழுதியதிலிருந்து 'பார்ஃப்' என்ற பெயரில் இது பரவியது. அவர் சொன்ன பட்டியலில் சதையோடு கூடிய எலும்பு, உள்ளுறுப்புகள், காய்கறி எல்லாம் உண்டு. நம் வீடுகளுக்கு வந்து சேர்வதற்குள் அது சுருங்கிவிடுகிறது. முதல் வாரம் கழுத்து, கால், ஈரல் என்று அமர்க்களமாக ஆரம்பிக்கும். ஒருநாள் எலும்பு தொண்டையில் சிக்கி எல்லோரையும் பயமுறுத்தியதும் 'போன்லெஸ்' ஆகிவிடும். ஈரல் வாடை அம்மாவுக்குப் பிடிக்காது, அதுவும் நின்றுவிடும். கடைசியில் கிண்ணத்தில் மிஞ்சுவது வெறும் நெஞ்சுக்கறி.

"நாய் ஓநாயோட வம்சம்தானே டாக்டர்?" என்பது அடுத்த கேள்வி. வம்சம்தான். ஆனால் மனிதனோடு ஒட்டிக்கொண்ட ஆயிரக்கணக்கான வருடங்களில் அதன் குடலும் மாறிவிட்டது. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு, ஓநாயிடம் இரண்டு பிரதிகள்தான். நாய்களிடம் 4 முதல் 30 வரை இருப்பதாக ஸ்வீடனின் உப்சாலா ஆய்வாளர்கள் 2013-ல் காட்டினார்கள். கம்மங்கூழும் மீந்த சோறும் தின்றுவிட்டு முயல் விரட்டிய நம் நாட்டு நாய்களைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

பூனை கதை வேறு. அது அசல் மாமிசபட்சிணி. டாரின் என்ற சத்தைப் போதிய அளவு அதன் உடம்பால் தயாரிக்க முடியாது. மாமிசத்திலிருந்துதான் வர வேண்டும். பால்சோறே கதி என்று வளரும் பூனைக்குக் கண்ணும் இதயமும் கெடுவது இதனால்தான். சரி, அப்படியானால் பச்சைக்கறி பொருந்துமே என்று தோன்றும். பூனை இயற்கையில் தின்பது எலியை, அதுவும் முழு எலியை: எலும்பு, ஈரல், இதயம், ரத்தம் எல்லாம் சேர்த்து. தோலுரித்த கோழி நெஞ்சு அதற்கு ஈடாகாது.

என்னிடம் அடிக்கடி வரும் ஒரு வகைக் கேஸைச் சொல்கிறேன். மூன்று நான்கு மாதப் பெர்ஷியன் குட்டி. கொழுகொழுவென்று இருக்கும், முடி பளபளக்கும். "ரெண்டு நாளா சோபாவுல ஏற மாட்டேங்குது, தூக்கினா கத்துது. கீழ விழவே இல்ல டாக்டர்." எக்ஸ்ரே எடுத்தால், பளிச்சென்று வெள்ளையாகத் தெரிய வேண்டிய எலும்பு, சுற்றியுள்ள சதையின் நிறத்திலேயே மங்கிக் கிடக்கும். தொடை எலும்பின் சுவர் மெலிந்து, பச்சைக் குச்சியை வளைத்தது போல ஓரிடத்தில் மடங்கியிருக்கும். முதுகெலும்பு வளைந்திருக்கும், குடல் நிறைய இறுகிய மலம் இருக்கும். என்ன சாப்பாடு என்று கேட்டால், "சிக்கன் மட்டும்தான், ரொம்ப நல்லா சாப்பிடுவான்."

கணக்கைப் பாருங்கள். 100 கிராம் கோழிக்கறியில் கால்சியம் 10, 12 மில்லிகிராம்தான் இருக்கும். பாஸ்பரஸோ 200 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும். உடம்புக்கு இரண்டும் ஏறக்குறைய சமமாக வேண்டும், கால்சியம் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும். 5 கிலோ எடையுள்ள வளரும் நாய்க்குட்டிக்கு ஒரு நாளைக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் தேவை. அது அரைக் கிலோ கறி தின்றாலும் கிடைப்பது 60 மில்லிகிராம். மீதிக்கு உடம்பு எங்கே போகும்? ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இதயமும் தசைகளும் தாறுமாறாகிவிடும். அதனால் பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து உருவி ரத்தத்துக்குக் கொடுக்கிறது. ரத்தப் பரிசோதனையில் கால்சியம் பெரும்பாலும் சரியாகவே காட்டும். எலும்பு மட்டும் உள்ளே கரைந்துகொண்டிருக்கும்.

வேகவைத்துக் கொடுத்தாலும் இந்தக் கணக்கு மாறாது. வெறும் கறியும் சோறும் தின்று முன்னங்கால் வளைந்த ராட்வீலர், லேப்ரடார் குட்டிகளையும் பார்க்கிறேன். உடனே கால்சியம் சிரப் பாட்டிலைத் திறக்கவும் வேண்டாம். கிரேட் டேன் போன்ற பெரிய இனக் குட்டிகளுக்குக் கால்சியம் மிஞ்சினாலும் எலும்பு வளர்ச்சி கோணலாகும். குதிக்க முடியாதபடி கூண்டுக்குள் சில வாரம் ஓய்வு, வலிக்கு மருந்து, குட்டிகளுக்கென்றே தயாரான முழுமையான உணவு, இவைதான் வைத்தியம். பெரும்பாலானவை தேறிவிடும். இடுப்பெலும்பு நசுங்கி ஒடுங்கிவிட்ட பூனைக்கு மட்டும் மலச்சிக்கல் ஆயுசுக்கும் தொடரும்.

ஈரலும் அளவோடுதான். அதில் வைட்டமின் ஏ குவிந்திருக்கிறது. மாதக்கணக்கில் தினமும் ஈரலே தின்ற பூனைக்குக் கழுத்து எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்து, தலையைத் திருப்பி உடம்பை நக்கக்கூட முடியாமல் போகும்.

பச்சை எலும்பு வெந்த எலும்பைப் போலச் சிம்பு சிம்பாக உடையாது என்பது ஓரளவு உண்மை. ஆனாலும் உணவுக்குழாயில் சிக்கும், கெட்டியான மாட்டெலும்பைக் கடித்து மேல் கடைவாய்ப் பல் பிளந்த நாய்களும் வருகின்றன. கோழிக் கழுத்துக்கு இன்னொரு வம்பும் உண்டு. பச்சைக் கோழி, குறிப்பாகக் கழுத்து, தின்னும் நாய்களுக்குப் பின்னங்காலில் தொடங்கி உடம்பு தளரும் ஒருவகை நரம்பு வாதம் வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம் என்று மெல்போர்ன் ஆய்வாளர்கள் 2018-ல் கண்டார்கள். கோழியில் சாதாரணமாக இருக்கும் கேம்பைலோபேக்டர் கிருமியின் மேல்தான் சந்தேகம். குரைப்புச் சத்தம் மாறுவதும் அதன் அறிகுறிகளில் ஒன்று.

அடுத்தது கிருமி. "நாய் வயித்து ஆசிட் எல்லாத்தையும் கொன்னுடும்" என்பார்கள். நாய்க்கு ஒன்றும் ஆகாமல் போகலாம்தான். ஆனால் கிருமி சாகாமல் மலத்திலும் வாயிலும் வெளியே வரும், வீட்டில் இருப்பவர்களுக்கு அதுதான் சிக்கல். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2010 முதல் 2012 வரை நடத்திய ஆய்வில், செல்லப்பிராணிகளுக்கான 196 பச்சைக்கறி மாதிரிகளில் 15-ல் சால்மோனெல்லா கிருமியும் 32-ல் லிஸ்டீரியா கிருமியும் இருந்தன. நெதர்லாந்தில் 35 பாக்கெட்டுகளைச் சோதித்து 2018-ல் வெளியிட்டார்கள். 28-ல் முக்கியமான ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத ஈ.கோலை கிருமி இருந்தது. இவையெல்லாம் கம்பெனியில் பேக் செய்து உறையவைத்து விற்பவை. ஒரே மரக்கட்டை, ஒரே கத்தி, காலையிலிருந்து மாற்றாத ஒரே தொட்டித் தண்ணீர் என்று நடக்கும் கடையின் நிலையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கழுவினால் போகாது, தெறிக்கும் தண்ணீர் சிங்க் முழுக்கப் பரப்பும். ஃப்ரீசரில் வைத்தால் பாக்டீரியா பெருகாமல் இருக்கும், சாகாது. மஞ்சள் தடவி வைத்தாலும் சாகாது. நாய் சாப்பிட்ட வாயோடு தவழும் குழந்தையின் முகத்தை நக்கும். பாத்திரம் தேய்க்கும் அம்மா அதே ஸ்பாஞ்சில் டம்ளரையும் தேய்ப்பார். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர், வயதானவர், கைக்குழந்தை, கர்ப்பிணி இருக்கும் வீட்டில் பச்சைக்கறி வேண்டவே வேண்டாம் என்று நான் தீர்மானமாகச் சொல்லிவிடுவேன்.

கர்ப்பிணி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மகள் பிரசவத்துக்கு வருகிறாள் என்றதும் பூனையைச் சாக்கில் கட்டி மார்க்கெட்டில் விட்டுவிட்டு வரும் வீடுகள் இருக்கின்றன. பயம், வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பற்றியது. அது பெரும்பாலும் பச்சைக்கறியிலிருந்தோ எலியிலிருந்தோதான் பூனைக்கு வருகிறது. தொற்று ஏற்பட்ட பூனையும் பெரும்பாலும் வாழ்நாளில் ஒருமுறை, ஓரிரு வாரம் மட்டுமே அதன் முட்டைகளை மலத்தில் விடும். அந்த முட்டை தொற்றும் நிலைக்கு வரக் குறைந்தது ஒரு நாளாவது ஆகும். ஆகவே வெளியே போகாத, வெந்த உணவு தின்னும் பூனையின் மணல் தட்டை வேறொருவர் தினமும் சுத்தம் செய்தால் போதும். அரைவேக்காட்டுக் கறியும் கழுவாத கீரையும் அந்தப் பெண்ணுக்கு வீட்டுப் பூனையைவிட ஆபத்து. பூனையை விரட்ட வேண்டாம், அதன் கிண்ணத்திலிருந்து பச்சைக்கறியை எடுத்துவிடுங்கள்.

நம் ஊரில் இதைவிடக் குறைவாகப் பேசப்படுவது ஆட்டுக்கறிக்கடை விவகாரம். ஆட்டு நுரையீரலிலும் ஈரலிலும் சில சமயம் தண்ணீர் கோத்த வெள்ளைக் கட்டிகள் இருக்கும். விற்காது என்று கடைக்காரர் அறுத்து எறிவார், இல்லையென்றால் "நாய்க்குப் போடுங்க" என்று சும்மா கொடுப்பார். அந்தக் கட்டிக்குள் இருப்பவை ஒருவகை நாடாப்புழுவின் இளம்புழுக்கள். நாயின் குடலில் அவை ஒரு சென்டிமீட்டர்கூட எட்டாத புழுக்களாக வளர்ந்து, சுமார் ஒன்றரை மாதத்தில் முட்டை விட ஆரம்பிக்கும். நாயைப் பார்த்தால் எந்த நோயும் தெரியாது. முட்டை மலத்திலும் ரோமத்திலும் ஒட்டி, தடவிக் கொடுத்த கை வழியாக நம் வயிற்றுக்குப் போனால், ஈரலிலோ நுரையீரலிலோ அதே மாதிரி நீர்க்கட்டி வருடக்கணக்கில் மெல்ல வளரும். பலருக்கு அறுவைச் சிகிச்சைதான். இதில் வேடிக்கை, அந்த ஈரலை நாம் தின்றால் இந்த நோய் நமக்கு வராது. நாய் தின்றால்தான் நமக்கு வரும்! எல்லாப் பூச்சி மாத்திரையும் இதற்குக் கேட்காது. பிராசிகுவான்டெல் என்ற மருந்து கலந்ததா என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.

பறவைக்காய்ச்சல் பூனைக் குடும்பத்தை விட்டுவைப்பதில்லை. தாய்லாந்தின் ஸ்ரீராச்சா புலிப் பூங்காவில் 2004-ல் பச்சைக்கோழி தின்று தொற்றியதில், இறந்தவையும் நோய் பரவாமல் கருணைக்கொலை செய்யப்பட்டவையுமாக 147 புலிகள் போயின. நாக்பூர் கோரேவாடா மீட்பு மையத்தில் 2024 டிசம்பரில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் எச்5என்1 என்ற பறவைக்காய்ச்சல் வைரஸ் தொற்றால் இறந்தன. 2025 தொடக்கத்தில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடாவில் வீட்டுப் பூனைகளிடமே அது கண்டறியப்பட்டது. ஆக, பூனைக்குப் பச்சைக்கோழி என்பதை நான் எந்தக் காலத்திலும் ஒப்புக்கொள்வதில்லை.

மீனும் பச்சையாக வேண்டாம். மத்தி, நெத்திலி வகைகள் சிலவற்றில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் நொதி இருக்கிறது. வேகவைத்தால் அது செயலிழந்துவிடும்.

அப்புறம் என்னதான் கொடுப்பது? கறியை எலும்பை ஒட்டிய சிவப்பும் மாறும்வரை வேகவையுங்கள். எலும்பை எடுத்துவிடுங்கள். வெந்த தண்ணீரைக் கொட்டாமல் சோற்றில் ஊற்றுங்கள். கரைந்த டாரினும் பி வைட்டமின்களும் அதில்தான் இருக்கின்றன. வெங்காயமும் பூண்டும் சேர்க்காதீர்கள், அவை சிவப்பணுக்களை உடைக்கும். முட்டை ஓட்டைக் கொதிக்கவைத்து, காயவைத்து, மிக்ஸியில் மாவாக அரைத்தால் ஒரு டீஸ்பூனில் சுமார் 2 கிராம் கால்சியம். 10 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்குத் தினமும் அரை டீஸ்பூன் போதும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். அயோடின், துத்தநாகம், வைட்டமின் ஈ எல்லாம் இதனால் நிறையாது என்பதால், வீட்டுச் சமையல்தான் நிரந்தரம் என்றால் அளவோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குட்டிகளுக்கும் பூனைகளுக்கும் இந்தக் கைக்கணக்கு ஆகாது. வயதுக்கேற்ற முழுமையான உணவு என்று பாக்கெட்டில் தெளிவாகப் போட்டிருப்பதை வாங்கி, மேலே ருசிக்குக் கொஞ்சம் வெந்த கறி போடுங்கள்.

ஏற்கெனவே மாதக்கணக்கில் வெறும் கறியில் வளர்ந்த குட்டி என்றால், நொண்டும்வரை காத்திருக்காமல் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுவது நல்லது. அதுவரை படிக்கட்டும் கட்டிலும் ஏறவிட வேண்டாம். நாய்க்குப் பின்னங்கால் தள்ளாடினாலோ, பூனை தலையை மார்போடு தொங்கப்போட்டாலோ, பூனைக்கு இரண்டு நாள் மலம் போகாவிட்டாலோ அன்றே கொண்டுவாருங்கள். வரும்போது கடந்த ஒரு வாரம் என்னென்ன போட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வாருங்கள். தாத்தா யாருக்கும் தெரியாமல் கொடுக்கும் பிஸ்கட்டையும் சேர்த்து.