டிக்கெட் பணம் கட்டியாச்சு, கேஸ் என்ன ஆச்சு?

"மேடம், ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஸ்பீடிங் டிக்கெட். அன்னைக்கு ராத்திரியே ஆன்லைன்ல கட்டிட்டேன். இப்ப சிட்டிசன்ஷிப் ஃபார்ம்ல அதைக் கேக்குறாங்க. எந்த ஊர்னே ஞாபகம் இல்ல."

டெக்சஸில் வக்கீலாக இருக்கும் எனக்கு நம்மவர்களிடமிருந்து அடிக்கடி வரும் போன் இது. இந்தத் தம்பி ஹூஸ்டனிலிருந்து டாலஸுக்கு ஐ-45இல் போனவர். நடுவில் வாக்கர், மேடிசன், லியோன், ஃப்ரீஸ்டோன், நவாரோ என்று வரிசையாகச் சின்னச் சின்னக் கவுண்டிகள், நம் மாவட்டம் மாதிரி. "டிக்கெட் வாங்கிட்டு, கொஞ்ச தூரத்துல பக்கீஸ்ல காபி குடிச்சேன்" என்பது மட்டும் நினைவிருந்தது. பக்கீஸ் என்பது நெடுஞ்சாலையோரப் பெரிய பெட்ரோல் பங்க் கடை. மேடிசன்வில்லிலும் பக்கீஸ் உண்டு, எனிஸிலும் உண்டு. இரண்டுக்கும் இடையில் நூறு மைலுக்கு மேல்.

டெக்சஸில் 254 கவுண்டிகள். லவ்விங் கவுண்டியில் 2020 கணக்கெடுப்பின்படி மொத்தமே 64 பேர். எல்லா டிக்கெட்டையும் ஒரே இடத்தில் தேடிப் பார்க்க ஓர் இணையதளம் இருக்கும் என்று நினைத்துத்தான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். அப்படி ஒன்று கிடையாது. முதலில் பார்க்க வேண்டியது, நிறுத்தியது யார் என்பது. ஊர் போலீஸ் நிறுத்தியிருந்தால் அந்த ஊரின் முனிசிபல் கோர்ட். மாநில ட்ரூப்பரோ (நெடுஞ்சாலைப் போலீஸ்) கவுண்டி ஷெரிஃபின் ஆளோ நிறுத்தியிருந்தால் பெரும்பாலும் 'ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ்' கோர்ட், சுருக்கமாக ஜேபி. ஒரு கவுண்டிக்குள்ளேயே பல ஜேபிக்கள் இருக்கலாம், பிரீசிங்ட் (கவுண்டியின் உட்பிரிவு) எண் போட்டு. நம் தம்பி உத்தேசமாக ஓர் ஊரின் முனிசிபல் கோர்ட்டைக் கேட்டார், "உங்க பேர்ல ஒண்ணும் இல்ல" என்றார்கள். நிம்மதியாகிவிட்டார். அவரை நிறுத்தியது ட்ரூப்பர். அந்த 'ஒன்றும் இல்லை' தப்பான கதவைத் தட்டியதால் வந்த பதில்.

கவுண்டி கிளார்க் அலுவலகத்தைக் கேட்பதும் இதே கதைதான். கொஞ்சம் பெரிய குற்றங்கள் அங்கே, ஃபெலனி என்கிற கடும் குற்றங்கள் டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம். 8,000 பேருக்குக் குறைவான கவுண்டிகளில் இரண்டு வேலையையும் ஒருவரே பார்ப்பதுண்டு. வேக டிக்கெட் இவர்கள் யாரிடமும் இருக்காது. ஜேபியின் கிளார்க்கிடம்தான் இருக்கும். அவர் மதியச் சாப்பாட்டுக்குப் போனால் போனை எடுக்கவும் ஆள் இருக்காது.

அடுத்த சிக்கல் நம் பெயர். அப்பா பெயர் கடைசிப் பெயராக நிற்கும், சிலருக்கு இனிஷியல் மட்டும் நிற்கும், பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தால் முன்னால் 'எஃப்என்யு' (முதல் பெயர் தெரியவில்லை) என்று ஒட்டிக்கொள்ளும். கிளார்க் எதை முதலில் தட்டினாரோ அதுதான் ரெக்கார்ட். அதனால் பெயரை வைத்துத் தேடி விட்டுவிடாதீர்கள். பிறந்த தேதி, அப்போதைய லைசென்ஸ் எண், இரண்டையும் கொடுத்துப் பெயரை முன்பின் மாற்றியும் பார்க்கச் சொல்லுங்கள். ஊரே நினைவில்லை என்றால் அந்த மாத பேங்க் ஸ்டேட்மென்ட்டைப் புரட்டுங்கள். நாங்கள் அப்படித்தான் கவுண்டியைப் பிடித்தோம். கோர்ட் ரெக்கார்ட் தருகிறோம் என்று காசு கேட்கும் தனியார் தளங்கள் பக்கம் போக வேண்டாம். அவர்கள் காட்டுவது எங்கிருந்தோ எடுத்த பழைய தகவல். அதில் கோர்ட் முத்திரை இருக்காது.

இனி டிக்கெட் கையில் வந்த நாளுக்கு வருவோம். நம் ஊர்ப் பழக்கத்தில் இறங்கிப்போய் அதிகாரியிடம் பேசப் பார்க்காதீர்கள். வண்டியிலேயே உட்கார்ந்து, கை ஸ்டியரிங்கில். டிக்கெட்டில் கையெழுத்துப் போடுவது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது. குறித்த தேதிக்குள் கோர்ட்டுக்குப் பதில் சொல்வேன் என்ற வாக்கு மட்டுமே.

தம்பி செய்த தப்பு அன்று ராத்திரியே கட்டியதுதான். ஒழுங்கான பிள்ளை, கடனை வைத்துக்கொள்ளக் கூடாது என்ற எண்ணம். ஆனால் முழு ஃபைனைக் கட்டினால் அது தண்டனைத் தீர்ப்பாகப் பதிவாகும். லைசென்ஸ் வரலாற்றில் ஏறும், இன்ஷூரன்ஸ்காரர் கண்ணிலும் படும். அதற்கு முன் இரண்டு வழி இருந்தன.

ஒன்று, ஆறு மணி நேர டிஃபென்சிவ் டிரைவிங் வகுப்பு. குறித்த தேதிக்குள் கேட்க வேண்டும், டெக்சஸ் லைசென்ஸும் இன்ஷூரன்ஸும் வேண்டும், முந்தைய 12 மாதத்தில் இதே சலுகையை எடுத்திருக்கக் கூடாது. முடிக்க 90 நாள். வகுப்புச் சான்றிதழோடு 'டைப் 3ஏ' டிரைவிங் ரெக்கார்டையும் கொடுக்க வேண்டும். பலர் இந்த இரண்டாவதை மறந்து கோட்டை விடுகிறார்கள். லிமிட்டுக்கு மேல் 25 மைலோ அதற்கு அதிகமோ போயிருந்தால் வகுப்பு கிடையாது. 95ஐத் தொட்டாலும் கிடையாது. மேற்கு டெக்சஸ் ஐ-10இல் லிமிட் 80. அங்கே 95இல் போனால் 15 மைல்தான் அதிகம், இருந்தும் கதவு மூடிவிடும். டிரக் ஓட்டும் சிடிஎல் லைசென்ஸ் வைத்திருப்பவருக்கும் இல்லை. வந்த புதிதில் இந்திய லைசென்ஸில் ஓட்டி மாட்டுகிறவர்களுக்கும் இல்லை.

வகுப்பு கிடைக்காதவர்களுக்கு இரண்டாவது வழி, டெஃபர்ட் டிஸ்போசிஷன்; சிடிஎல்காரர்களுக்கு மட்டும் இதுவும் இல்லை. நீதிபதி 180 நாள் வரை தீர்ப்பை ஒத்திவைப்பார். சொன்ன நிபந்தனைகளைக் காப்பாற்றினால் கேஸ் தள்ளுபடி. இது அவர் மனசைப் பொறுத்தது. டெக்சஸில் ஜேபி சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. தேர்தலில் ஜெயித்து வருகிறவர். அதனால் சட்டப் பிரிவு எண்களை அடுக்கி மிரட்டும் கடிதத்தை விட, மரியாதையான ஒரு பக்கக் கடிதம் நன்றாக வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். டிக்கெட் அநியாயம் என்றால் 'நாட் கில்ட்டி' சொல்லி ஆறு பேர் ஜூரி கேட்கலாம், வேக டிக்கெட்டுக்குக்கூட. விபத்து நடந்திருந்தால் மட்டும், எந்தப் பதிலும் தருமுன் வக்கீலைக் கேளுங்கள். 'கில்ட்டி' என்ற ஒரு சொல் பின்னால் நஷ்டஈட்டு வழக்கில் உங்களுக்கு எதிராக வந்து நிற்கும். 'நோலோ', அதாவது 'எதிர்த்து வாதாடவில்லை' என்ற பதில், அப்படி வராது.

குட்டி ஊர்கள் டிக்கெட் போட்டே பிழைக்கின்றன என்று புலம்புவோம். 75இல் இருந்து 35க்கு லிமிட் விழும் இடத்தில் போலீஸ் வண்டி நிற்பதும் உண்மைதான். ஆனால் 5,000 பேருக்குக் குறைவான ஊர்கள், முந்தைய ஆண்டு மொத்த வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் இந்த ஃபைனிலிருந்து வைத்துக்கொள்ள முடியாது. மிச்சத்தில் பெரும்பகுதி மாநிலத்துக்குப் போகும். புலம்பல் கோர்ட்டில் உதவாது, தெரிந்துகொள்ளச் சொல்கிறேன்.

தேதியைத் தவறவிட்டால் வாரண்ட் வரலாம், லைசென்ஸ் புதுப்பிப்பும் நிற்கலாம். கையில் பணம் இல்லையா? தேதிக்குள் அதையே கோர்ட்டில் சொல்லுங்கள். தவணையும் உண்டு, சமூக சேவையும் உண்டு. 'டிக்கெட் பாக்கி, இன்றே கட்டுங்கள்' என்று லிங்கோடு குறுஞ்செய்தி வந்தால் தொடாதீர்கள். டெக்சஸில் லைசென்ஸ் கொடுப்பது டிபிஎஸ் என்கிற பொதுப் பாதுகாப்புத் துறை, வண்டிப் பதிவைப் பார்க்கும் டிஎம்வி இல்லை; 'டிஎம்வி உங்கள் லைசென்ஸை ரத்து செய்யும்' என்று எழுதுகிற மோசடிக்காரனுக்கு அதுகூடத் தெரிவதில்லை.

தம்பியின் ரெக்கார்ட் கடைசியில் அப்பா பெயரில் கிடைத்தது, எழுத்துப்பிழையோடு. ஆன்லைனில் காட்டாத கேஸை, கிளார்க் அம்மா போனிலேயே வாசித்துக் காட்டினார். சான்றிட்ட டிஸ்போசிஷன் (கேஸ் எப்படி முடிந்தது என்ற) நகல் வேண்டும் என்று கேட்டோம். கட்டண ரசீது வேண்டாம், தீர்ப்புக் காகிதம்தான் வேண்டும் என்று அழுத்திச் சொன்னோம். பெர்சனல் செக் வாங்க மாட்டார்களாம். மணி ஆர்டரும், ஸ்டாம்ப் ஒட்டிய கவரும் அனுப்பி, இரண்டு நகல் கேட்டு வாங்கினோம். பழைய கோப்புகளை அழிக்க அவர்களுக்குக் கால அட்டவணை உண்டு. அழித்திருந்தால் 'தேடினோம், ரெக்கார்ட் இல்லை' என்று கோர்ட் தாளில் ஒரு கடிதம் கேட்டிருப்பேன்.

இன்று யாருக்காவது டிக்கெட் வந்திருந்தால், மேஜைமேல் அது கிடக்கும்போதே இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். பிரீசிங்ட் எண் பின்பக்கத்திலும் இருக்கலாம்.