‘கிரிப்டிக்’ குறுக்கெழுத்துக்குத் தமிழில் என்ன பெயர்?

‘ஒரு மாதம் சொல்லக் கேட்பது (2)’. விடை: கதை. தமிழ் எண்களில் ஒன்றுக்கு ‘க’. மாதம் தை. சொல்லக் கேட்பது கதைதானே! அடைப்பில் உள்ள 2, விடைக்கு எத்தனை எழுத்து என்பதைச் சொல்கிறது. இப்படிப்பட்ட குறிப்புகளால் ஆன குறுக்கெழுத்துக்குத்தான் ‘கிரிப்டிக்’ என்று பெயர்.

கிரேக்க மொழியில் ‘க்ரூப்டோஸ்’ என்றால் மறைந்தது, ஒளித்து வைத்தது. அது லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. தேவாலய நிலவறையான ‘கிரிப்ட்’, 1898-இல் கண்டறிந்த கிரிப்டான் வாயு, இன்றைய கிரிப்டோ நாணயம் எல்லாம் அதே வேரில் கிளைத்தவை.

குறுக்கெழுத்து பிறந்தபோது இந்த வகை இல்லை. 1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்டு’ நாளிதழில் ஆர்தர் வின் வெளியிட்டது நேர்ப்பொருள் கேட்கும் கட்டம். அதைத் திருகலாக்கியது 1920-களின் பிரிட்டன். எட்வர்ட் பொவிஸ் மேதர்ஸ் ‘டார்க்கமாடா’ என்ற புனைபெயரில் 1926 முதல் 1939-இல் இறக்கும்வரை ‘அப்சர்வர்’ இதழில் புதிர் அமைத்தார். அவருக்குப் பின் வந்த ‘சிமெனிஸ்’, நேர்மையான குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று 1966-இல் ஒரு நூலே எழுதினார். இந்த இரண்டு புனைபெயர்களுமே ஸ்பெயினில் மத விசாரணை நடத்தியவர்களின் பெயர்கள். விடை தேடுபவரை வதைப்பதுதான் தொழில் என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டுவிட்டார்கள்!

பெயர் ‘மறைந்தது’ என்று சொன்னாலும், குறிப்பில் பொருள் மறைந்திருப்பதில்லை. விடையின் நேர்ப்பொருள் குறிப்பின் தொடக்கத்திலோ முடிவிலோ வெளிப்படையாகவே நிற்கும். மிச்சமுள்ள சொற்கள் பெரும்பாலும் அதே விடையை எழுத்தெழுத்தாகக் கட்டிக் கொடுக்கும். மறைந்திருப்பது இரண்டுக்கும் இடையிலான எல்லைக்கோடு மட்டும்தான். அதனால் குறிப்பை வாக்கியமாகப் படிக்கக் கூடாது. முதல் ஓரிரு சொற்களை மட்டும் பொருளாக எடுத்துப் பாருங்கள், அடுத்து கடைசி ஓரிரு சொற்களை. எழுத்தெண்ணிக்கைக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு, நடுவில் ‘குலைந்த’, ‘திரும்பிய’, ‘தலையற்ற’, ‘ஒளிந்த’ போன்று, எழுத்துகளை என்ன செய்ய வேண்டும் என்று ஏவும் சொல் கிடக்கிறதா என்று தேடுங்கள். எந்தச் சொல்லும் வேலையில்லாமல் மிஞ்சினால், ஒன்று நம் விடை தவறு, இல்லையென்றால் குறிப்பு தவறு.

‘நகரம்’ என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். ‘நகரம் குலைந்தால் பாவிகள் சேருமிடம் (4)’. படித்ததும் குண்டும் குழியுமான சாலைதான் நினைவுக்கு வரும். அமைப்பவருக்கு வேண்டியதும் அதுவே. ந, க, ர, ம் நான்கையும் இடம் மாற்றினால் நரகம். அடுத்தது, ‘தலையிழந்த பட்டணத்தின் கை (3)’. பட்டணம் நகரம், தலை போனால் கரம். எழுத்து நீக்கும் குறிப்பில் இப்படி வேறு சொல்லால் சுட்டலாம். எழுத்தைக் குலைக்கும் குறிப்பில் கூடாது. ‘பட்டணம் குலைந்தால்’ என்று போட்டால் விடை காண்பவர் முதலில் ஊகிக்க வேண்டும், பிறகு கலைக்க வேண்டும். அது அழுகுணி ஆட்டம். நகத்தின் நடுவே ‘ர’ நுழைந்தாலும் நகரம்தான். இலக்கணத்தில் ‘ந’ என்ற எழுத்துக்கும் நகரம் என்றே பெயர் என்பதால், சிலேடைக் குறிப்பும் அமைக்கலாம்.

நம் வார இதழ்க் குறுக்கெழுத்துகளில் ‘வலமிருந்து இடம்’, ‘கீழிருந்து மேல்’ உண்டு. ‘குழம்பியுள்ளது’ என்ற குறிப்பும் உண்டு. அவற்றை இதோடு சேர்த்துக் குழப்பக் கூடாது. அங்கே குழம்புவது கட்டத்தில் எழுதும் விடை. இங்கே குழம்புவது குறிப்பில் உள்ள சொல். விடை கட்டத்தில் நேராகவே அமரும்.

ஆங்கிலச் சூத்திரத்தை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் சில இடங்களில் உதைக்கும். ‘சிவா திரும்பியதும் படி (2)’ என்றால் வாசி. அழகான குறிப்பு, ஆனால் அபூர்வம். மரம், கடல், மண் எதையும் திருப்ப முடியாது, ஏனென்றால் தமிழ்ச் சொல் மெய்யெழுத்தில் தொடங்காது. இதே காரணத்தால், ஒரு விடையின் மெய்யெழுத்து விழும் கட்டத்தில் குறுக்கே வேறொரு விடையைத் தொடங்க முடியாது. மொத்தம் 247 எழுத்து; ஆங்கிலத்தில் 26தான். ஆகவே குறுக்கே ஓர் எழுத்து கிடைத்தாலே விடை பாதி தெரிந்துவிடும், ஆனால் கட்டத்தை நிரப்புபவர் பாடு திண்டாட்டம்.

புணர்ச்சி இன்னொரு தலைவலி. ‘முளைக்க விதைத்ததில் ஒளிந்த பாட்டு (3)’ என்பதில் கவிதை இரண்டு சொற்களுக்கு நடுவே கிடக்கிறது. ‘மரத்தில் இருந்து’ என்பதைச் சேர்த்து எழுதினால் ‘ல்’, ‘இ’ இரண்டும் போய் ‘லி’ வந்துவிடும். அச்சில் எப்படி இருக்கிறதோ அதுதான் கணக்கு. பெயரா வினையா என்பதும் சிக்கல்தான். ‘வாரத்தில் ஒருநாள் இரவில் ஒளிர்வது (4)’ சரி, விடை திங்கள். ‘ஒளிரும்’ என்று முடித்திருந்தால் வினை நிற்கும் இடத்தில் பெயரை விடையாகக் கேட்டதாகிவிடும்.

இனி தமிழ்ப் பெயர். ‘புதிர்’ போதாது, எல்லாக் குறுக்கெழுத்தும் புதிரே. ‘சங்கேதம்’ என்றால் இருவர் முன்கூட்டியே பேசி வைத்த குறி. ‘மறைபொருள்’ தப்பு, பொருள்தான் வெளியே நிற்கிறதே. தண்டியலங்காரம் என்ற அணியிலக்கண நூலின் சித்திரகவி (எழுத்து விளையாட்டுப் பாக்கள்) பட்டியலில் ‘கரந்துறை செய்யுள்’ இருக்கிறது: ஒரு பாட்டின் எழுத்துகளுக்குள் இன்னொரு பாட்டு ஒளிந்திருக்கும். அதே பட்டியலில் உள்ள அக்கரச்சுதகம் என்பது எழுத்தை ஒவ்வொன்றாக நீக்கி வேறு வேறு பொருள் காண்பது. கநகாரி, நகாரி, காரி என்று போகும். நாம் பார்த்த நகரம், கரம் அதன் தம்பிதான். ‘கரந்த’ என்றால் மறைந்த, அதாவது க்ரூப்டோஸுக்கு நேர் நிகர். ஆகவே ‘கரந்துறை குறுக்கெழுத்து’ என்பதே என் தேர்வு. பேச்சில் கிரிப்டிக் என்றே சொல்வார்கள், சொல்லட்டும். எழுதும்போது மட்டும் நடுவில் ‘க்’ போட வேண்டாம். கரந்துறை வினைத்தொகை, வலி மிகாது.