டிஸ்சார்ஜ் ஆன பிறகும் ஊசி எதுக்கு?

டிஸ்சார்ஜ் சம்மரில கடைசியா ஒரு வரி இருக்கும், 'செஃப்ட்ரியாக்சோன் ஒரு கிராம், ஐவி, ரெண்டு வேளை, அஞ்சு நாள்'னு, அதாவது ஒரு ஆன்டிபயாடிக்க நரம்பு வழியா ஊசியா ஏத்தணும். கையில வென்ஃப்ளான் (ஊசி ஏத்த நரம்புல சொருகி வெக்கற சின்ன குழாய்) பிளாஸ்டரோட அப்படியே இருக்கும். வீட்டு பக்கத்துல எங்கயாவது போட்டுக்கோங்கன்னு சொல்லி அனுப்பிடுவாங்க. தொற்றுநோய் ஓபில உக்காந்தா இந்த மாதிரி கேஸ் வந்துட்டேதான் இருக்கு, அதுல நிறைய பேருக்கு அந்த ஊசியே தேவைப்பட்டிருக்காது.

சமீபத்துல ஒரு பாட்டிய மகன் கூட்டிட்டு வந்தார். யூரின் இன்ஃபெக்ஷன், கல்ச்சர்ல (கிருமிய வளர்த்து பாக்கற டெஸ்ட்) ஈஎஸ்பிஎல் ஈ.கோலை, அதாவது பல ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமி. ஆஸ்பத்திரில மெரோபெனம்ங்கற ஆன்டிபயாடிக் ஊசி போட்டு காய்ச்சல் விட்டாச்சு, நல்லா சாப்பிடறாங்க, நடக்கறாங்க. எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இன்னும் பத்து நாள் போடணும்னு எழுதி வீட்டுக்கு அனுப்பியிருக்காங்க. தெருமுனை கிளினிக் காலையில ஒன்பதுக்கு திறக்கும், ராத்திரி ஒன்பதுக்கு பூட்டிடும், அதனால மூணு வேளை ரெண்டு வேளையா ஆயிடுச்சு. "ஒரு வேளைதான் டாக்டர் விட்டுச்சு, பரவால்லல்ல?"ன்னு மகன் கேக்கறார். கிட்னி ஒழுங்கா வேலை செய்யறவங்களுக்கு மெரோபெனம் ஒரு மணி நேரத்துலயே பாதி வெளிய போயிடும், பன்னெண்டு மணி நேர இடைவெளி விட்டா பல மணி நேரம் உடம்புல மருந்தே போதாது, கிருமி மட்டும் அந்த மருந்தோட நல்லா பழகிக்கும். கல்ச்சர் ரிப்போர்ட்ட கொஞ்சம் கீழ வரைக்கும் படிச்சா கோட்ரைமாக்சசோல் கேக்கும்னு அதுலயே இருந்துச்சு. ரொம்ப பழைய, ரொம்ப மலிவான மாத்திரை. கிட்னியும் பொட்டாசியமும் சரியா இருக்கான்னு பாத்துட்டு அதுக்கு மாத்தினேன், வென்ஃப்ளான எடுத்துட்டோம். அவ்ளோதான்.

"ஊசி போட்டாதான் சீக்கிரம் கேக்கும்"ங்கற நம்பிக்கை நம்ம ஊர்ல ரொம்ப ஆழமா இருக்கு, ஜனங்கள மட்டும் குறை சொல்ல முடியாது, டாக்டர்கள்லயும் பாதி பேருக்கு அதே நம்பிக்கைதான். லினசோலிட், மெட்ரோனிடசோல், லீவோஃப்ளாக்சசின் மாதிரி ஆன்டிபயாடிக் எல்லாம் வாயில போட்டாலே கிட்டத்தட்ட முழுசும் ரத்தத்துக்கு வந்துடும். (லீவோஃப்ளாக்சசின்ல ஒரு சிக்கல், டிபி இருந்தா அத கொஞ்ச நாள் மறைச்சிடும், அதனால நம்ம நாட்டுல அத கைக்கு வந்தபடி எழுதக்கூடாது.) காய்ச்சல் விட்டு, பிபி நல்லா இருந்து, வாந்தி இல்லாம சாப்பிட முடிஞ்சு, கிருமிக்கு கேக்கற மாத்திரையும் ஒண்ணு இருந்தா, பெரும்பாலான தொற்றுக்கு மாத்திரையே போதும்.

எலும்புத் தொற்றுன்னாலே ஆறு வாரம் ஊசின்னு படிச்சு வந்தவங்க நாங்க. 2019ல பிரிட்டன்ல ஓவிவா ஆய்வு வந்துச்சு, எலும்பு, மூட்டுத் தொற்று உள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்டவங்கள ரெண்டா பிரிச்சு, பாதி பேருக்கு முதல் ஆறு வாரம் ஊசி, பாதி பேருக்கு முதல் வாரத்துக்குள்ளயே மாத்திரைன்னு குடுத்து, ஒரு வருஷம் கழிச்சு பாத்தா மாத்திரை குரூப் ஒண்ணும் மோசமா இல்ல. ஊசி போடற லைனால வந்த தொல்லைதான் ஊசி குரூப்ல கூட. நாள் கணக்கும் அப்படித்தான், ரத்தத்துல கிருமி வந்தவங்களுக்கு 14 நாளுக்கு பதிலா 7 நாள் போதும்னு 2024ல பேலன்ஸ் ஆய்வு காட்டுச்சு. ஆனா ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் இருந்தவங்கள அதுல சேக்கல, அந்தக் கிருமி ரத்தத்துல வந்தா குறைஞ்சது 14 நாள், பல பேருக்கு அதுக்கும் மேல.

நிஜமாவே வீட்டுக்கு போயும் ஊசி வேணும்னு இருக்கறவங்களும் உண்டு. இதய வால்வுல தொற்று, எந்த மாத்திரையும் கேக்காத கிருமி, ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ்ல சில பேர். இவங்கள ஆறு வாரம் பெட்லயே வெச்சிருக்கணும்னு இல்ல, ஆனா ஏற்பாடு ஒழுங்கா இருக்கணும். நாள்பட்ட ஊசின்னா பிக் லைன் (கை வழியா இதயத்துக்கு பக்கத்துல பெரிய ரத்தக் குழாய் வரைக்கும் போற நீளமான குழாய்) போடணும், கையில இருக்கற சின்ன வென்ஃப்ளான வெச்சு வாரக்கணக்கா ஓட்டக்கூடாது. ஒரு நாளைக்கு ஒரே வேளை போடற மருந்தா பாக்கணும், அந்தப் பாட்டிக்கே மாத்திரை கேக்காம போயிருந்தா எர்டாபெனம் எழுதியிருக்கலாம். முதல் டோஸ் ஆஸ்பத்திரிலயே போட்டுப் பாக்கணும். டெஸ்ட் டோஸ் போட்டு ஒண்ணும் ஆகலன்னா அலர்ஜியே வராதுன்னு அர்த்தம் கிடையாது, அதனால ஊசி போடற இடத்துல அட்ரினலின் (கடுமையான அலர்ஜி வந்தா உடனே போடற மருந்து) இருக்கான்னு தைரியமா கேளுங்க, இல்லன்னா வேற இடம் பாருங்க.

கிளினிக்ல நான் பாக்கற இன்னொரு விஷயம், செஃப்ட்ரியாக்சோன பத்து செகண்ட்ல அழுத்தி ஏத்திடறாங்க. மெதுவா ரெண்டு மூணு நிமிஷமாவது ஆகணும். சோர்வா இருக்குன்னு ஒரு ஆர்.எல் (ரிங்கர் லாக்டேட்ங்கற டிரிப்) பாட்டிலும் தொங்கவிட்டு அதே லைன்ல செஃப்ட்ரியாக்சோன் குடுக்கறதும் நடக்குது, ஆர்.எல்ல இருக்கற கால்சியத்தோட சேந்து மருந்து துகளா படியும், கூடவே கூடாது. ஊசி ஏத்தும்போது கை எரிஞ்சா, நரம்பு கயிறு மாதிரி தடிச்சு சிவந்தா, வென்ஃப்ளான் போட்டு எத்தன நாள் ஆச்சுன்னு எண்ணிட்டு இருக்காம உடனே எடுக்க சொல்லுங்க.

அமிக்காசின் ஊசி எழுதியிருந்தா வாரா வாரம் கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற ரத்த டெஸ்ட்) பாக்கணும், வயசானவங்களுக்கு இன்னும் சீக்கிரமே. காதுல இரைச்சல், தலைசுத்தல், கேக்கறது மந்தம்னா அடுத்த டோஸ் போடறதுக்கு முன்னாடியே டாக்டர்ட்ட சொல்லணும், போன காது திரும்ப வர்றது கஷ்டம். டெஸ்ட் எடுக்கறத விட பெரிய பிரச்சினை, அந்த ரிப்போர்ட்ட யார் பாக்கறாங்கன்றது. எழுதின டாக்டர் பாக்கல, ஊசி போடற நர்சுக்கு அது தன் வேலைன்னு தெரியாது, ஃபைல்லயே கிடக்கும். அதனால கிளம்பும்போதே எந்தக் கிருமிக்கு இந்த ஊசி, மாத்திரைக்கு மாத்த முடியாதா, என்னைக்கு நிறுத்தணும், ரிப்போர்ட்ட யாருக்கு அனுப்பணும், ராத்திரி குளிர்ஜுரம் வந்தா எந்த நம்பருக்கு கூப்பிடணும்னு கேட்டு சம்மரிலயே எழுதி வாங்கிடுங்க. பிக் லைன்ல மருந்து ஏத்தின கொஞ்ச நேரத்துல உடம்பு தூக்கிப் போடற மாதிரி குளிர் வந்தா லைன்லயே கிருமி இருக்கலாம், பாராசிட்டமால் போட்டு விடியட்டும்னு பாக்காம அப்பவே எமர்ஜென்சிக்கு வந்துடுங்க.