கரண்ட் வந்ததும் ஏன் கோர் நெட்வொர்க் விழுகிறது?

2023-இல் தென்னாப்பிரிக்காவில் லோட் ஷெடிங் (முறை வைத்துச் செய்யும் மின்வெட்டு) ஸ்டேஜ் 6 வரை போனபோது டர்பனில் இருந்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். அங்கே சாட்ஸ்வொர்த் பகுதியில் கரண்ட் போகும், டவர் கொஞ்ச நேரம் பேட்டரியில் ஓடும், முந்தைய வெட்டுக்குப் பிறகு பேட்டரி முழுசாக ஏறியிருக்காது என்பதால் டவரும் சீக்கிரமே படுத்துவிடும். கரண்ட் திரும்பியதும் போனில் சிக்னல் கோடுகள் முழுசாக நிற்கும், ஆனால் ஒரு வாட்ஸ்அப் செய்திகூட நகராது. உடனே எல்லாரும் டவரைத் திட்டுவோம். அதற்குப் பின்னால் இருக்கும் கோர் நெட்வொர்க்கை யாரும் திட்டுவதில்லை, பாவம், அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது.

டவர் பார்ப்பது ரேடியோ வேலையை. இந்த சிம்மை உள்ளே விடலாமா, அதற்கு எந்த ஐபி முகவரி, டேட்டா எந்த வழியாகப் போக வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்வது கோர். 5ஜியில் அது தனித்தனி புரோகிராம்களாகப் பிரிந்திருக்கிறது: போனின் பதிவை ஏஎம்எஃப் கவனிக்கும், டேட்டா இணைப்பை எஸ்எம்எஃப் கவனிக்கும், பாக்கெட்டுகள் யுபிஎஃப் வழியாகப் போகும், சிம் உண்மையானதுதானா என்று ஏயுஎஸ்எஃப் சரிபார்க்கும். பெரிய கம்பெனிகள் இதை எரிக்ஸன், நோக்கியா, ஹுவாவே போன்றவர்களிடம் விலைக்கு வாங்குகின்றன. சோர்ஸ் கோடோடு இலவசமாகவும் கிடைக்கிறது. சி மொழியில் எழுதிய ஓப்பன்5ஜிஎஸ் ஒன்று, தைவானில் கோ மொழியில் எழுதிய ஃப்ரீ5ஜிசி இன்னொன்று. போன்கள் நடந்துகொள்ளும் விதத்தை 3ஜிபிபி என்ற மொபைல் தரநிலை அமைப்பின் விதிகள் தீர்மானிப்பதால், விலைக்கு வாங்கியதானாலும் இலவசமானாலும் எந்தக் கோரும் ஒரே மாதிரி கோரிக்கை வெள்ளத்தைத்தான் சந்திக்கிறது.

சரி, டவர் எழுந்ததும் என்ன ஆகிறது? அந்த வட்டாரத்துப் போன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பதிவு கேட்கும். ஏஎம்எஃப் ஒவ்வொன்றுக்கும் நினைவகத்தில் ஒரு பதிவேட்டைத் திறந்து, ஏயுஎஸ்எஃப்பிடம் எச்டிடிபி/2 (வெப்சைட்டுகள் பயன்படுத்தும் அதே நெறிமுறை) வழியாகக் கேள்வி அனுப்பிவிட்டு, பதிலுக்காகக் காத்திருக்காமல் அடுத்த போனைப் பார்க்கப் போய்விடும். கூட்டம் அதிகமானால் பதில் தாமதமாகும். போனோ 15 விநாடி பார்க்கும், பதில் வராவிட்டால் விட்டுவிடும், இன்னொரு 10 விநாடி கழித்து மறுபடியும் கேட்கும். அப்படி ஐந்து தடவை தோற்றால்தான் 12 நிமிடம் சும்மா இருக்கும். இரண்டாவது கோரிக்கை வந்ததும் ஏஎம்எஃப் பழைய பதிவேட்டை அழித்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போதுதான் முதல் கேள்விக்கான பதில் மெதுவாக வந்து சேர்கிறது. அந்தப் பதிலோடு கட்டி வைத்திருப்பது பழைய பதிவேட்டின் நினைவக முகவரி. அங்கே இப்போது வேறொரு போனின் விவரம் இருக்கலாம், குப்பையும் இருக்கலாம். சி மொழி அதையெல்லாம் விசாரிக்காது. புரோகிராம் அப்படியே விழும். விழுந்ததும் டவரோடு இருந்த எஸ்சிடிபி இணைப்பு அறுந்துபோகும், ஏற்கெனவே உள்ளே வந்திருந்த போன்களும் மறுபடி பதிவு கேட்கும், பழைய வெள்ளம் இன்னும் பெரிதாகத் திரும்பி வரும்.

இதற்கான திருத்தம் முகவரிக்குப் பதில் ஒரு எண்ணை வைத்துக்கொள்வது. கிளினிக்கில் “மூன்றாவது நாற்காலியில் இருப்பவருக்கு ரத்தப் பரிசோதனை முடிவு” என்று எழுதி வைத்தால், அவர் எழுந்து போன பிறகு உட்கார்ந்தவர் கையில் முடிவு போய்விடும், டோக்கன் எண் எழுதியிருந்தால் போகாது. பதில் வரும்போது அந்த எண்ணைத் தேட வேண்டும், இல்லையென்றால் பதிலைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். ஓப்பன்5ஜிஎஸ்ஸில் பல இடங்கள் இப்படி மாற்றப்பட்டிருக்கின்றன.

மாற்ற வேண்டியது சில வரிகள்தான், கண்டுபிடிப்பதில்தான் உயிர் போகும். எப்போதோ ஒரு தடவை வருகிற பிழையை வேண்டும்போதெல்லாம் வர வைக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அதற்கு டவரும் வேண்டாம், போனும் வேண்டாம், லேப்டாப்பில் இரண்டையும் போலச் செய்து காட்டும் யுஇரேன்சிம் போதும். ஏயுஎஸ்எஃப்பின் பதிலை 30 விநாடி தாமதமாக வருமாறு மாற்றிவிட்டு, போலிப் போனை மறுபடி மறுபடி பதிவு கேட்க வைத்து, நெட்வொர்க்கில் போவதைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கில் பாக்கெட்டுகளின் வரிசையைப் பார்க்க வேண்டும். அந்த வயர்ஷார்க் கோப்பையும் புரோகிராம் விழுந்த இடத்தின் பேக்டிரேஸையும் (எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டு அங்கே வந்தது என்ற பட்டியல்) சேர்த்து அனுப்பினால் புரோகிராமைப் பராமரிப்பவர்களுக்கு வேலை எளிது. “சில சமயம் கிராஷ் ஆகிறது” என்று மட்டும் எழுதினால் அவர்கள்தான் என்ன செய்வார்கள்?

இன்னொரு வகைப் பிழை இதைவிட எரிச்சலானது. “இது நடக்கவே நடக்காது” என்ற நம்பிக்கையில் எழுதிய அசெர்ட் வரிகள், அதாவது நிபந்தனை பொய்யானால் புரோகிராமையே நிறுத்திவிடும் சோதனைகள். போன் அனுப்பும் செய்தியில் நீளம் தப்பாக இருந்தால் அசெர்ட் தோற்று மொத்த ஏஎம்எஃப்பும் நின்றுவிடும். ஒரு போன் உளறினால் அந்தப் போனை மட்டும் நிராகரிக்க வேண்டும், ஊரையே துண்டிப்பது என்ன நியாயம்? சொந்தக் கோடின் முரண்பாட்டைப் பிடிக்க அசெர்ட் நல்ல கருவிதான், ஆனால் வெளியிலிருந்து வரும் எதையும் அதை வைத்துச் சோதிக்கக் கூடாது என்பது என் கட்சி. ஓப்பன்5ஜிஎஸ் பற்றி வெளியான பாதுகாப்பு எச்சரிக்கைகளில் இந்த ரகம் நிறைய.

பிழை தீர்ந்தாலும் வெள்ளம் நிற்காது. அதற்குப் புது வசதி ஒன்றைச் சேர்க்க வேண்டும்: கூட்டம் எல்லை மீறினால் 22-ஆம் எண் காரணத்தோடு, அதாவது நெரிசல் என்று சொல்லி, பதிவை மறுக்கலாம். கூடவே டி3346 என்ற டைமரையும் அனுப்பினால் அது முடியும்வரை போன் தொந்தரவு செய்யாது. இதில் ஒரு கண்ணி உண்டு. எல்லாப் போன்களுக்கும் 15 நிமிடம் என்று கொடுத்தால் 15 நிமிடம் கழித்து எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும், ஆகவே ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு நேரமாகச் சிதறடித்துக் கொடுக்க வேண்டும்.