மண்ணில் இருக்கிறது, செடிக்குக் கிடைப்பதில்லை

ஹவாய்த் தீவுகளின் சில இடங்களில் ஒரு கிலோ மண்ணில் 6 முதல் 15 மில்லிகிராம் வரை செலினியம் இருக்கிறது. உடலுக்குச் சிறிதளவு தேவைப்படும், மிகுந்தால் நஞ்சாகும் தனிமம் இது. ஆனாலும் அங்கே வளரும் செடிகளில் நஞ்சாகும் அளவுக்கு அது ஏறுவதில்லை. அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவிலோ 1 மில்லிகிராம்கூட இல்லாத மண்ணில் முளைத்த செடிகளிலும் அது மண்டிக் கிடக்கிறது. அப்படிப்பட்ட மேய்ச்சல் நிலத்தில் குதிரைகளுக்கு வால்மயிர் உதிரும், குளம்பே கழன்று விழும்.

கணக்கு தலைகீழாக இருக்கிறதே? எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, எந்த வடிவில் இருக்கிறது என்பதுதான் இங்கே விஷயம்.

அளவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அடிப்பாறை. கருங்களிப்பாறை சிதைந்து உண்டான மண்ணில் செலினியம் அதிகம், கிரானைட் மண்ணில் குறைவு. உலகச் சராசரி கிலோவுக்குச் சுமார் 0.4 மில்லிகிராம். வடிவத்தை முடிவு செய்பவை காற்றோட்டமும் காரத்தன்மையும்.

வறண்ட, காரமான மண்ணில் அது ஆக்சிஜனோடு சேர்ந்து செலினேட்டாக இருக்கும். இது எதிலும் ஒட்டாது, நீரில் கரைந்து ஓடும். தனிம அட்டவணையில் கந்தகத்துக்கு நேர் கீழே இருப்பது செலினியம். அதனால் வேர் செலினேட்டைச் சல்ஃபேட் (செடிக்குத் தேவையான கந்தகத்தின் இதே போன்ற வடிவம்) என்றே நம்பி உள்ளே விட்டுவிடுகிறது. டகோட்டாவின் கதை இதுதான்.

மண் அமிலமானால், ஆக்சிஜன் சற்றுக் குறைந்த இன்னொரு வடிவமான செலினைட் மேலோங்கும். இரும்பு ஆக்சைடு துகள்களின் மேற்பரப்பில் இது இறுக ஒட்டிக்கொள்ளும். ஹவாயின் செம்மண்ணுக்கு நிறம் தருவதே இந்த ஆக்சைடுதான். செலினியத்தைப் பூட்டி வைத்திருப்பதும் அதுவேதான்.

நீர் தேங்கிய மண்ணில் ஆக்சிஜன் தீர்ந்துவிட்டால் சில பாக்டீரியாக்கள் செலினேட்டை வைத்தே சுவாசிக்கின்றன. மிஞ்சுவது கரையாத தனிமச் செலினியம். ஆய்வகக் குடுவையில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: நிறமற்ற கரைசல் மெல்லச் செங்கல் நிறமாகும். இன்னும் சில நுண்ணுயிர்கள் அதை வாயுவாக்கிக் காற்றில் விடுகின்றன. அதற்குப் பூண்டு வாடை!

ஃபின்லாந்தின் மண்ணில் செலினியம் குறைவு, இருப்பதும் அமில மண்ணில் சிக்கிக் கிடந்தது. 1984இல் உரத்தில் சோடியம் செலினேட் கலக்க அந்நாடு முடிவெடுத்தது. சரி, ஒருமுறை போட்டால் போதுமா? போதாது. பயிர் எடுத்ததுபோக மிச்சமெல்லாம் செலினைட்டாக மாறி அப்புறம் மண்ணிலேயே ஒட்டிக்கொள்கிறது. அதனால் ஒவ்வொரு பருவத்திலும் புதிதாகப் போட வேண்டியிருக்கிறது.