மேக்னட்டில் இரும்பு ஏற்றினால் இழுவை கூடுமா?

போன வாரம் குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு ஆர்எக்ஸ் 135, யமஹாவின் பழைய டூ-ஸ்ட்ரோக் பைக், என் பட்டறைக்கு வந்தது. முன்னும் பின்னும் பட்டன் டயர், தூக்கிக் கட்டிய மட்கார்டு, இடது பக்க மேக்னட் கவரில் மூன்று விரல் நுழையும் ஓட்டை. மேக்னட் என்பது என்ஜினின் கிராங்க் தண்டு முனையில் சுழலும், ஸ்பார்க்குக்குக் கரண்ட் தரும் காந்தச் சக்கரம். லேத்தில் கடைந்த இரும்பு வளையம் ஒன்றை மேக்னட்டைச் சுற்றி நான்கே பொட்டு வெல்டிங்கில் ஒட்டியிருக்கிறார்கள். ரப்பர் தோட்டத்துத் தட்டில் ஏறும்போது அது பிய்த்துக்கொண்டு கவரை உடைத்து வெளியே வந்துவிட்டது. கியர் போடும் கால் அங்கேதான் இருக்கும். நல்ல பூட்ஸ் போட்டிருந்ததால் பையனுக்கு வீக்கத்தோடு போயிற்று. இந்த வருடம் என் கைக்கு வரும் மூன்றாவது மேக்னட் இது.

“அண்ணே, வெயிட் கூட்டினா இழுவை கூடும்னு சொன்னாவ” என்றான்.

யார் சொன்னாலும் சரி, கூடாது மக்ளே. ரப்பர் ஷீட் அடிக்கிற கைமெஷினைப் பார்த்திருப்பீர்கள். பெரிய சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும்போது தடித்த பால்கட்டியைச் செருகினாலும் ரோலர் நிற்காது. அதற்காகச் சக்கரம் வேலை செய்கிறது என்று சொல்வோமா? சுற்றுவது உங்கள் கை. கை கொடுத்ததைச் சக்கரம் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். கையை எடுத்தால் அதுவும் நின்றுவிடும். மேக்னட்டும் அப்படித்தான். அரை கிலோ ஏற்றினாலும் ஐந்து கிலோ ஏற்றினாலும் என்ஜினின் குதிரைத்திறன் ஒரு துளி கூடாது. மைலேஜும் கூடாது, அதையும் ஒருவர் கேட்டார்.

பலன் இல்லாமலும் இல்லை. ஈர வேரின்மேல் மெதுவாக ஏறும்போது வண்டி சட்டென்று ஆஃப் ஆகாது. பவர் அடித்துக்கொண்டு வராததால் பின் டயர் செம்மண்ணில் வீணாகச் சுற்றுவது குறையும். பதிலுக்கு பிக்அப் மந்தமாகும், ஆக்சிலேட்டரை விட்டாலும் ஆர்பிஎம் மெதுவாகத்தான் இறங்கும். ரேஸ் மைதானத்துக்கென்று செய்த டூ-ஸ்ட்ரோக்கில் மேக்னட் மிக லேசாக இருக்கும். அதைக் காட்டுப் பாதைக்குக் கொண்டுவருபவர்களுக்குத்தான் இந்த வேலை தேவைப்படும். நம் ஆர்எக்ஸ் ரோட்டு வண்டி, அதன் மேக்னட் முதலிலேயே கனம். செயினை இழுக்கும் முன் பல்சக்கரத்தில், அதாவது ஸ்ப்ராக்கெட்டில், ஒரு பல் குறையுங்கள், கார்புரேட்டர் ஜெட்டைச் சரிபாருங்கள், கிளட்ச் பிடிக்கப் பழகுங்கள். வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு அதுவே போதும்.

அப்படியும் வேண்டுமென்றால், உங்கள் என்ஜினுக்கென்றே செய்து பேலன்ஸ் பார்த்த வெயிட்டை வாங்குங்கள். பெரும்பாலும் கால் கிலோவிலிருந்து நானூறு கிராம் வரை இருக்கும். லேத் பட்டறையில் கண்ணளவில் ஒட்டாதீர்கள். நடுவிலிருந்து 5 செ.மீ. தள்ளி ஒரு பக்கம் 10 கிராம் கூடியிருந்தால், 8,000 ஆர்பிஎம்மில் அது 35 கிலோவுக்கு மேல் வெளியே இழுக்கும். கிராங்க் பேரிங் முதலில் போகும். அடுத்து அந்தப் பக்கத்து ஆயில் சீல். சீல் வழியாகக் காற்று புகுந்தால் பெட்ரோல் கலவை மெலிந்து பிஸ்டன் ஜாம். “ஆயில் குறைச்சலா ஊத்திட்டேன் போல” என்று வருபவர்களில் சிலருடைய உண்மையான நோய் இதுதான். வெல்டிங் சூட்டில் காந்தமும் செத்துவிடும், பிறகு ஸ்பார்க் வீக் என்று சிடிஐயை, அதாவது ஸ்பார்க்கை இயக்கும் மின்பெட்டியை, மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

மேக்னட்டை இழுத்துக் கழற்ற புல்லர் என்று தனிக் கருவி இருக்கிறது. சுத்தியலை எடுக்கிற மெக்கானிக்கிடமிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுங்கள். மாட்டும்போது கிராங்க் முனையின் சரிவில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது. மேக்னட்டைப் பிடித்து வைப்பது அந்தச் சரிவுதான். இடையில் செருகும் குட்டிச் சாவி (சிறு இரும்புத் துண்டு) டைமிங், அதாவது ஸ்பார்க் விழும் நேரத்துக்கான இடம் காட்ட மட்டுமே. பிடி நழுவினால் சாவி அறுந்து டைமிங் மாறும். நட்டை டார்க் ரெஞ்சில் கம்பெனி அளவுக்கு முறுக்குங்கள். கவரை மூடுமுன் கையால் சுற்றி, எங்கும் உரசவில்லை என்று பாருங்கள்.

ஒரு வேண்டுகோள். ஓட்டுவதைத் தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டு அவர் நிலத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். பேச்சிப்பாறைக்கு மேலே சரணாலயக் காடு, அங்கே வண்டியைக் கொண்டுபோகாதீர்கள்.

அந்தப் பையன் நேற்று நொண்டிக்கொண்டே வந்தான். பழைய மேக்னட் ஒன்று துடைத்து வைத்திருந்தேன். மாட்டி, முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைத்துக் கொடுத்தேன். உடைந்த வளையத்தைத் திருப்பிக் கேட்டான். தரவில்லை.